எந்த சென்டர்?

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதே தட்டோடு எழுந்து நடப்பேன் என்று அம்மா இன்றைக்கும் திட்டுவாள். அந்தக் காலுக்கு ஏற்ற வேலைதான் எனக்கு வாய்த்தது. படிப்பை விட்ட பிள்ளைகளையும், விடப்போகிற பிள்ளைகளையும், அவர்கள் வீட்டாரையும் தேடிப் போய்ப் பேசுகிற வேலை. அண்ணனூர் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில் எங்கள் இடம். மாலையில் டியூஷன், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு கேரம் போர்டு. சனிக்கிழமையானால் பெற்றோர் கூட்டம். மற்ற நேரமெல்லாம் நானும் என் ஸ்கூட்டியும் பருத்திப்பட்டிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் வரை சந்து சந்தாகச் சுற்றிக்கொண்டிருப்போம்.

எங்கள் திட்டத்துக்கு ஒரு பெயர் உண்டு. 'இளையோர் மற்றும் குடும்ப' என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் முடியாத பெயர். போர்டு எழுத வந்த பெயின்டரே பாதி ஏணியில் நின்றுகொண்டு, "இன்னா மேடம், இன்னும் கீதா?" என்று கேட்டார். அதனால் முதல் வாரத்திலிருந்தே எல்லோரும் அதை சென்டர் என்றுதான் சொன்னோம். சென்டருக்கு வா, சென்டர்ல மீட்டிங், சென்டர் சாவி எங்கே? அந்த ஒரு சொல்லை வைத்து ஒரு மனிதரை அவர் வீட்டைவிட்டே ஓட வைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் செய்தது நான்தான்.

அவருடைய மகள் எங்களிடம் வந்துகொண்டிருந்தாள். பதினேழு வயது. பிளஸ் ஒன்னில் நின்றுவிட்டு ஒரு வருஷம் வீட்டில் இருந்தவள். அம்மா எஸ்டேட்டில் ஒரு துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறார், அப்பா லோடு ஏற்றி இறக்குகிறவர். இந்தப் பெண்ணுக்கு மிக்ஸி ரிப்பேரானால் கண் மின்னும். எங்கள் சென்டர் ஃபேன் இரண்டு முறை நின்றபோதும் அவள்தான் ஸ்டூல் போட்டு ஏறினாள். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறாயா என்று கேட்டேன். "பொண்ணுங்கள சேத்துப்பாங்களாக்கா?" என்றாள். விண்ணப்பம் போட்டோம். அதன் பிறகு தினமும் போன். "அக்கா, மெசேஜ் வந்துச்சா?" காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. எனக்கும் பொறுக்காது, அவளுக்கும் பொறுக்காது. நல்ல ஜோடி.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் மெசேஜ் வந்துவிட்டது. இடம் கிடைத்திருக்கிறது. வருகிற செவ்வாய்க்குள் அம்மாவோ அப்பாவோ உடன் வந்து சேர வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். போனில் அவள் கத்திய கத்தலில் மாவு மில்காரரே மேலே எட்டிப் பார்த்தார். "காலையிலேயே வர்றேன்டி, அப்பாவை லோடுக்குப் போகவிடாம பிடிச்சு வை" என்றேன். பிடிச்சு வை. இதைத்தான் சொன்னேன், பாவி.

மறுநாள் காலை எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பக்கத்தில் ஒரு பள்ளியில் பழைய பெஞ்சுகளை எங்களுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். முதல் மணி அடிப்பதற்குள் எடுத்துப் போகவேண்டும் என்பது நிபந்தனை. வெள்ளை வேன் ஒன்றைப் பிடித்து, டிரைவரும் நானும் எங்கள் விளையாட்டு மாஸ்டரும் ஐந்தரைக்கே போய்விட்டோம். மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கபடி ஆடியவர். ஆறடி உயரம், சட்டையின் மேல் பட்டன் போட முடியாத கழுத்து. பூனைக்குட்டி செத்தால்கூட அழுகிற மனுஷன், ஆனால் பார்க்கிறவனுக்கு அது தெரியாது.

பெஞ்சுகளை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில்தான் அவள் வீடு. "அஞ்சே நிமிஷம்" என்று டிரைவரிடம் சொல்லி சந்துமுனையில் வேனை நிறுத்தச் சொன்னேன். மணி ஆறரை. ஒரே வரிசையில் எட்டு வீடுகள், முன்னால் ஒரு குழாய், பின்னால் பொதுக் குளியலறை. மாஸ்டர் கால் மரத்துப்போச்சு என்று இறங்கி, சந்துமுனையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

குழாயடியில் லுங்கியோடு ஒருவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டு முறை வீட்டுக்குப் போனபோதும் அவரும் மனைவியும் வேலைக்குப் போயிருந்தார்கள். வாசற்படியில் நின்ற மகள், "அப்பா, அக்கா வந்துட்டாங்க" என்றாள். நான் அவசரத்தில் இருந்தேன். அதைவிட சந்தோஷத்தில் இருந்தேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அண்ணே, நாங்க சென்டர்லேருந்து வர்றோம். உங்களத்தான் பாக்கணும். பொண்ணு எல்லாத்தையும் சொல்லிடுச்சு. ஒரு சட்டைய மாட்டிக்கிட்டு வாங்க, வண்டி ரெடியா இருக்கு. அங்க போய் ஃபாரத்துல கையெழுத்து போட்டுடலாம்."

இப்போது இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

அவர் வேனைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். பிறகு மகளை ஒரு பார்வை பார்த்தார். வாயைக் கொப்பளித்து, பிரஷ்ஷைக் கழுவி, குழாய் மேடை மேல் வைத்துவிட்டுக் குளியலறைப் பக்கம் போனார். முகம் கழுவப் போகிறார் என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் ஆனது. எனக்குத்தான் பொறுமை கிடையாதே. "அண்ணே, சீக்கிரம்! பெஞ்சு இறக்கணும்!" என்று குரல் கொடுத்தேன். மகள் பின்னால் போய்ப் பார்த்தாள். கதவு திறந்துகிடந்தது, சுவர் மேல் ஈரக் கால் தடம் இருந்தது. அந்தப் பக்கம் குதித்து ஓடிவிட்டார். அவருடைய செருப்பு வாசலிலேயே கிடந்தது.

அதற்குள் உள்ளேயிருந்து அவள் அம்மா ஓடிவந்தார். கொண்டைகூடப் போடவில்லை. "யார கேட்டு வந்தீங்க? எவ எழுதிக் குடுத்தா?" என்று கேட்டுக்கொண்டே மகள் பக்கம் திரும்பினார். "நீ கூப்ட்டியாடி? ஒரு நாளு தப்பு பண்ணாரு, அதுக்கு மறுபடியும் இட்டுகினு போவ சொல்லுவியா?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "அக்கா, நல்லது பண்ண வந்தா இப்படியா பேசுவீங்க?" என்றேன்.

"உங்க நல்லது தெரியாதா எங்களுக்கு? போன வாட்டி பண்ண நல்லது போதாதா?" என்றபடி வேன் வரைக்கும் போனவர் அப்படியே நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னா இது, பெஞ்சு கீது?"

"எங்க சென்டருக்குத்தான்க்கா. பசங்க உக்கார."

"பசங்களா? எந்த சென்டரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தெருவில், அந்தப் பக்கத்து ஐந்தாறு தெருக்களிலும், சென்டர் என்றால் ஒன்றே ஒன்றுதான். குடியை நிறுத்த வைக்கிற இடம். சென்டர்ல போட்டுட்டாங்க, சென்டர்லேருந்து வந்துட்டான் என்று பேசிக்கொள்வார்கள். விடியற்காலை வேன் வரும். தடித்த ஆட்கள் இரண்டு பேர் இறங்குவார்கள். வீட்டில் யாராவது ஃபாரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், ஆளைத் தூக்கிப் போய்விடுவார்கள். எல்லா இடமும் அப்படி இல்லை, ஒழுங்காக நடத்துகிறவர்களும் உண்டு. ஆனால் இவரைக் கொண்டுபோன இடம் அப்படி. நாங்கள் போன நேரம், வேன், ஆள், நான் பேசிய பேச்சு, எதிலும் ஒரு குறையில்லை. அச்சு அசலாக அதையே செய்திருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் அந்த வேன் வந்தபோது அவரைச் செருப்புகூடப் போட விடவில்லையாம். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஃபாரத்தில் கைநாட்டு வைத்தார். மேலே இருந்த கோடுகளையெல்லாம் நிரப்பியது மகள். அப்போது அவளுக்குப் பதினாலு வயது. மூன்று மாதம் அவரை உள்ளே வைத்துக் கேட்டைப் பூட்டியிருந்தார்கள். வந்த பிறகு அவர் குடிக்கவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை. போன வாரம் ஒரு சாவுக்குப் போன இடத்தில் மட்டும் குடித்துவிட்டு வந்திருக்கிறார்.

இதையெல்லாம் மகள்தான் சொன்னாள், படியில் உட்கார்ந்து, அவர் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு. வீட்டில் டியூஷன் என்று மட்டும்தான் தெரியும், ஐ.டி.ஐ. சங்கதியை நானே வந்து சொல்லட்டும் என்று விட்டிருந்தாளாம். "அப்பா என்னத்தான் பாத்துட்டு போனாரு. பாத்தீங்க இல்ல?" என்றாள். பார்த்தேன். "அவரு வர்ற வரைக்கும் நான் எங்கயும் போவ மாட்டேன்க்கா. ஐ.டி.ஐ.யும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"அம்மா வந்தா போதும்டி. அம்மா கைநாட்டு வெச்சாலும் சேத்துப்பாங்க."

"மறுபடியும் அம்மா கைநாட்டு, என் எழுத்தா?" என்று கேட்டாள்.

அந்த நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரிடம் போன் கிடையாது. வீட்டுக்கே ஒரு போன்தான். எஸ்டேட்டில் அவர் வழக்கமாக லோடு ஏற்றும் இடங்களுக்கெல்லாம் போனேன். ஆவடி மார்க்கெட்டில் தேடினேன். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்க வருகிறவர்களை ஒவ்வொருத்தராக உற்றுப் பார்த்ததில் ஒரு பெரியவர் முறைத்தார். தண்டவாளத்தைத் தாண்டும்போதெல்லாம் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பேன். ரயில் கொஞ்சம் அதிகமாக ஹாரன் அடித்தாலும் மாடியிலிருந்து இறங்கி ஓடுவேன். மாஸ்டர் என்னைவிட மோசம். "நான் வண்டிய விட்டே இறங்காம இருந்திருக்கலாம்" என்று ஒரு நாளைக்குப் பத்து தரம் சொன்னார். ஒரு கட்டத்தில் எரிச்சல் தாங்காமல், "ஆமா, இருந்திருக்கலாம்!" என்று கத்திவிட்டேன். பாவம், கண் கலங்கிப் போய் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

வெள்ளி போனது, சனி போனது. சனிக்கிழமைப் பெற்றோர் கூட்டத்தில் நான் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. செவ்வாய், செவ்வாய் என்றுதான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் போன் செய்தாள். பக்கத்து வீட்டுக்காரர் மீன் வாங்க வானகரம் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே அப்பா ஐஸ் உடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொன்னாராம். கூப்பிடுவதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டாராம்.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்திருந்தாள். என்ன என்று கேட்கவில்லை, தெரியும். அம்பத்தூர் தாண்டி வானகரம் ரோட்டில் போகும்போது பின்னாலிருந்து, "அக்கா, ஒண்ணு சொல்லட்டா?" என்றாள்.

"சொல்லு."

"அப்பா குடிச்சிட்டு வந்த அன்னிக்கு, மறுபடியும் அங்க போட்டா நல்லாருக்கும்னு நெனச்சேன். ஒரு வாட்டிதான். நெனச்சது தப்பாக்கா?"

தப்பில்லை என்று உடனே சொல்லிவிட்டேன். காற்றில் அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. திரும்பவும் கத்திச் சொன்னேன். "தப்பில்லடி!" பக்கத்தில் போன லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மார்க்கெட் வாசலில், "நீங்க உள்ள வராதீங்க. உங்களப் பாத்தா மறுபடியும் ஓடிடுவாரு" என்றாள். நியாயம்தான். நின்றேன். ஒரு நிமிஷம் நின்றேன், இரண்டு நிமிஷம் நின்றேன். ஸ்கூட்டியைச் சுற்றி நடந்தேன். ஒருத்தர் வஞ்சிரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டி, "வாங்கிக்கோம்மா, ஃப்ரெஷ்ஷு" என்றார். பத்து நிமிஷத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கடைசி வரிசையில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே இருவரும் நின்றிருந்தார்கள். அவர் கையில் ஐஸ் உடைக்கிற கட்டை, காலில் ஒன்றுமில்லை. என்னைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் வைத்தார். மகள் சட்டென்று குனிந்து கவரிலிருந்த செருப்பை எடுத்து அவர் கால் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணே, ஓடாதீங்க!" என்று கத்தினேன். அந்த மீன் மார்க்கெட்டுக்கே கேட்கும்படி கத்தினேன். "நான் அந்த சென்டர் இல்லண்ணே! டியூஷன் சென்டர்! கேரம் போர்டு சென்டர்!"

நாலு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளிடம், "டெய்லி போன் பண்ணிகினு இருந்தியே. ரெண்டு வாட்டி, மூணு வாட்டி. போன் பூரா சென்டர் சென்டர்னுதான் கீது. நான் பாக்கலன்னு நெனச்சியா?" என்றார்.

"இவங்களுக்குதாம்பா பண்ணேன். இவங்க நம்பர அப்டித்தான் போட்டு வெச்சிகீறேன். ஐ.டி.ஐ. மெசேஜு வந்துச்சான்னு கேக்க."

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அன்னிக்கு குடிச்சிட்டு ஊட்டுக்கு வந்தேன் மேடம். யாரும் ஒரு வார்த்த கேக்கல. திட்டிருந்தா சரி போச்சுன்னு இருந்திருப்பேன். இவ கம்முனு சோறு போட்டா. அப்பவே தெரிஞ்சுபோச்சு, வண்டி வரும்னு." கட்டையைக் கீழே வைத்தார். "நல்லாத்தான் வெச்சீங்க பேரு! வேற பேரே கெடைக்கலியா உங்களுக்கு?"

"தப்புதான்ணே. மன்னிச்சிடுங்க" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாளைக்குத்தான் கடைசி நாள் என்பதை அழுதுகொண்டே சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். "வரேன். ஆனா மொதல்ல உங்க எடத்த நான் பாக்கணும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை. மகள் சான்றிதழ் ஃபைலைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றாள். மாடியேறி வந்தவர் உள்ளே வரவில்லை. கம்பி கேட்டுக்கு வெளியே நின்று பெஞ்சுகளைப் பார்த்தார். கேரம் போர்டைப் பார்த்தார். மாஸ்டர் அவர் கண்ணில் படக்கூடாது என்று கம்ப்யூட்டர் மேஜைக்குப் பின்னால் குனிந்துகொண்டார், அந்த உடம்பு எங்கே மறையும்? கடைசியில் அவர் கண் கேட்டில் தொங்கிய பூட்டில் நின்றது.

"இது இன்னாத்துக்கு?"

"சாயந்தரம் போகும்போது பூட்டுவோம்ணே. கம்ப்யூட்டர் இருக்கு. கேரம் காயின் வேற அடிக்கடி காணாமப் போகுது."

கேட்டிலிருந்து பூட்டைக் கழற்றினார். கையில் வைத்து எடை பார்ப்பதுபோல ஆட்டினார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வா, டைம் ஆவுது" என்று மகளிடம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். என் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டிருந்த சில நேரங்களில் அது ஒன்று.

நானும் பின்னாலேயே போனேன். ஐ.டி.ஐ.யில் நல்ல கூட்டம். அவர்கள் முறை வந்தபோது பதினொன்றரை. விண்ணப்பத்தை மகள் நிரப்பி வைத்திருந்தாள். ஐ.டி.ஐ. ஆபீசில் இருந்த ஒரு அம்மா தாளை அவர் பக்கம் தள்ளி, "கார்டியன் சைன் பண்ணுங்க" என்றார். அவர் பேனா எடுக்கப் பையில் கையை விட்டார். பேனாவை எடுக்கப் பூட்டு இடைஞ்சலாக இருந்தது. அதை எடுத்து மேஜை மேல் வைத்தார். அந்த அம்மா பூட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். கேட்கவில்லை, நல்லவேளை.

அவர் கையெழுத்துப் போடவில்லை. தாளில் மகள் நிரப்பியிருந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்று மகள் சொல்லியிருந்தாள். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். எனக்குக் கால் பரபரத்தது.

"அன்னிக்கும் நீதான எழுதுன" என்றார் மெதுவாக. "இன்னா எழுதுனன்னு எனக்கு சொல்லல. இன்னிக்கு படிச்சு காட்டு."

அவள் தாளை எடுத்தாள். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், விலாசம். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தொழிற்பிரிவு: ஃபிட்டர். 'என் முழுச் சம்மதத்துடன்' என்ற வரி வந்ததும் நிறுத்தி அவரைப் பார்த்தாள். அந்த வரியை மட்டும் மறுபடி படித்தாள்.

"இதுல யாரு போறது?" என்று கேட்டார்.

"நான்தாம்பா போறேன்."

"நான் இல்லியே?"

"இல்லப்பா. நீ இல்ல. நான்தான் போறேன். சாயந்தரம் வந்துடுவேன்."

அவர் கையெழுத்துப் போட்டார். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, புள்ளி வைத்து. அந்த அம்மா சீல் குத்தி ரசீதை நீட்டினார். மகள் அதை வாங்கிக்கொண்டு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வரிசையில் யாரோ, "கொஞ்சம் தள்ளுங்க" என்றார்கள்.

வெளியே வந்த பிறகுதான் பூட்டு ஞாபகம் வந்து, அவரே திரும்ப உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தார். என் கையில் வைத்தார்.

"இந்தாங்க மேடம். பூட்டிக்கோங்க" என்றார்.